ஸ்கேன்ல போன தடவை கிரேடு 1, இப்ப கிரேடு 2: ஷோக்ரன்ஸ்ல எச்சில் சுரப்பி மோசமாகுதான்னு எப்படிப் பாக்கறது?

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல என் வார்த்தையில திருப்பிச் சொல்றேன், சரியா புரிஞ்சுக்கிட்டேனான்னு பாத்துக்குங்க. அம்மாவுக்கு 56 வயசு, மலேசியாவுல பட்டர்வொர்த்துல இருக்காங்க, 2021ல ஷோக்ரன்ஸ்னு, அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியே எச்சில், கண்ணீர் சுரப்பிங்களைத் தாக்கற நோய்னு கண்டுபிடிச்சாங்க, உதட்டுல பயாப்சி (சின்னதா திசு வெட்டிப் பாக்கறது) எடுத்தாச்சு, ரத்தத்துல இந்த நோய்க்குப் பாக்கற ஆன்டி ரோ பாசிட்டிவ். இனிப்புநீரும் (சுகர்) இருக்கு, தூக்கத்துக்கு அமிட்ரிப்டிலின் போடறாங்க. 2022ல ஒரு பிரைவேட் சென்டர்ல எச்சில் சுரப்பியைப் பாக்க கழுத்து அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பண்ணப்ப கிரேடு 1னு எழுதியிருந்தாங்க, போன மாசம் வேற ஒரு இடத்துல பண்ணா கிரேடு 2னு வந்திருக்கு. அம்மாவைக் கேட்டா வாய் எப்பவும் போலதான் இருக்குங்கறாங்க. அப்ப நோய் முத்துதா, ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேன் எடுக்கணுமா, உதட்டுல திரும்ப வெட்டிப் பாக்கணுமான்னு மூணு கேள்வி. கடைசி வரியில மட்டும் கேன்சர்னு ஒரே ஒரு வார்த்தை போட்டு நிறுத்திட்டீங்க. நீங்க உண்மையில கேக்க வந்தது அதுதான்னு நெனைக்கிறேன். மத்ததையும் சொல்றேன், அதுக்கும் வர்றேன்.

நான் பல் டாக்டர், அதுக்கு மேல வாய் நோய்களுக்குன்னு ஓரல் மெடிசின் படிச்சவ. கோலாலம்பூர்ல சில வருஷம் கவர்மெண்ட் வேலை, அப்புறம் பினாங்குல, மொத்தம் 17 வருஷமா வாய் வறண்டு வர்றவங்களைப் பாத்துட்டு இருக்கேன். எச்சில் அளக்கறது, உதட்டுல பயாப்சி எடுக்கறது ரெண்டும் நானே செய்றது. ஸ்கேன் நான் பண்ணமாட்டேன், அது ரேடியாலஜி டாக்டர் வேலை, ஆனா என் பேஷண்டுங்க ஸ்கேன் நிறைய பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். உங்க அம்மாவை நான் பாக்கல, அவங்க படத்தையும் பாக்கல. அதனால இது அவங்களுக்குன்னு சொல்ற வைத்தியம் இல்ல, நீங்க அடுத்த தடவை ஷோக்ரன்ஸைப் பாக்கற ருமட்டாலஜி டாக்டர்கிட்ட போறப்ப என்ன கேக்கணும்னு தெரிஞ்சு போறதுக்கு.

அந்த 1, 2 கதையை முதல்ல எடுத்துக்குவோம். நல்லா இருக்கற எச்சில் சுரப்பி ஸ்கிரீன்ல சலிச்ச மாவு மாதிரி ஒரே சீரா, சாம்பல் கலர்ல தெரியும். ஷோக்ரன்ஸ்ல அதுக்குள்ள வெள்ளை அணுக்கள் போய் கூட்டம் கூட்டமா உக்காந்து, சுரக்கற பகுதியை கொஞ்சம் கொஞ்சமா கெடுக்கறதால சீர் போயிடும், உள்ள கருப்பு கருப்பா புள்ளி விழும், நல்லா முத்துன ஒரு சுரப்பியைப் பாத்தா ஆப்பத்துக்கு நடுவுல இருக்கற ஓட்டைங்கதான் ஞாபகம் வரும். இதை எல்லாரும் ஒரே மாதிரி எழுதணும்னு ஓமராக்ட்ங்கற ஆராய்ச்சிக் குழு 2019ல ஒரு அளவுமுறை வெளியிட்டாங்க, 0ல இருந்து 3 வரைக்கும். 0ன்னா சீரா இருக்கு. 1ன்னா லேசா சீர் குலைஞ்சிருக்கு, ஆனா கருப்புப் புள்ளி இல்ல. 2ன்னா அங்கங்க கருப்புப் புள்ளி இருக்கு. 3ன்னா சுரப்பி முழுக்க அப்படி, இல்லன்னா சுருங்கி நார் மாதிரி ஆயிடுச்சு. இதை ரெண்டு கன்னத்துலயும் காது முன்னாடி இருக்கற பரோட்டிட் சுரப்பி, தாடைக்குக் கீழ இருக்கற ரெண்டு சுரப்பி, ஆக நாலுக்கும் தனித்தனியா போடணும்.

இதுல கொஞ்சம் நின்னு யோசிங்க. 1க்கும் 2க்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் என்ன, சில கருப்புப் புள்ளி கண்ணுக்குத் தெரியுதா தெரியலையாங்கறதுதான். பழைய மெஷின்ல தெரியாத புள்ளி புது மெஷின்ல பளிச்சுனு தெரியும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கறதுலயே படம் மாறும், ஸ்கேன் பண்றவங்க அந்தக் கருவியை எந்த கோணத்துல பிடிச்சாங்கங்கறதுல மாறும். இந்த எல்லையிலதான் நல்ல அனுபவம் உள்ள ரெண்டு பேருக்குள்ளயே கருத்து வேறுபாடு வரும். அதோட 1ங்கறது ஷோக்ரன்ஸ் இல்லாதவங்களுக்கும் வரலாம், வயசுக்கு வரும், இனிப்புநீர் உள்ளவங்களுக்கு சுரப்பியில கொழுப்பு சேந்து சீர் மாறும். அதனால பொதுவா 2ம் அதுக்கு மேலயும்தான் ஷோக்ரன்ஸ் மாதிரி இருக்குன்னு கணக்குல எடுப்பாங்க. உங்க அம்மாவுக்கு 2021லயே நோய் உறுதி, அப்ப 2022ல கிரேடு 1னு வந்ததுதான் எனக்கு ஆச்சரியமே தவிர இப்ப 2ன்னு வந்தது இல்ல. வேற மெஷின், வேற ஆள், வேற வருஷம். இந்த ரெண்டு நம்பரை மட்டும் வெச்சு நோய் முத்துதுன்னு சொல்ல முடியாது, முத்தலன்னும் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். ரெண்டு இடத்துலயும் படத்தை சிடியில போட்டுத் தரச் சொல்லி வாங்குங்க, ரிப்போர்ட் பேப்பர் மட்டும் பத்தாது. கேட்டா தருவாங்க, கொஞ்சம் காசு கேப்பாங்க. அந்த ரெண்டு சிடியையும் ஒரே ரேடியாலஜி டாக்டர் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்து சொன்னாதான் அதுக்கு அர்த்தம் இருக்கு. இனிமே எப்ப ஸ்கேன் எடுத்தாலும் அதே இடத்துல எடுங்க. நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம், சலுகை விலைன்னு ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு இடத்துல எடுத்த ரிப்போர்ட்டை ஒரு பைல்ல போட்டுத் தூக்கிட்டு வருவாங்க, எட்டு ரிப்போர்ட் இருக்கும், ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட முடியாது, மனசுக்கே கஷ்டமா இருக்கும்.

ஒரே இடத்துல ஒழுங்கா எடுத்தா மட்டும் நிறைய மாற்றம் தெரியுமான்னா, பெரும்பாலும் தெரியாது. ரெண்டு வருஷம் வரைக்கும் தொடர்ந்து பாத்த ஆராய்ச்சியில நிறைய பேருக்கு அந்த மதிப்பெண் பெருசா நகரவே இல்ல. சுரப்பி கெடறது நேர்கோடா வருஷத்துக்கு இவ்வளவுன்னு போறது இல்லங்க. நெதர்லாந்துல க்ரோனிங்கன் யூனிவர்சிட்டிக்காரங்க ஒவ்வொரு சுரப்பி எச்சிலையும் தனித்தனியா பிடிச்சு அளந்து பாத்தாங்க, அதுல தெரிஞ்சது, தாடைக்குக் கீழ இருக்கற சுரப்பிதான் முதல்ல அடி வாங்குது, பரோட்டிட் அப்புறம்தான், எச்சில் குறையறதும் ஆரம்ப வருஷங்கள்லதான் வேகமா நடக்குது, அதுக்கப்புறம் ஒரு மாதிரி கீழ்மட்டத்துல போய் உக்காந்துக்குது. இது எனக்கு ரொம்ப பொருந்தி வர்ற விஷயம். என்கிட்ட வர்றவங்க முதல்ல சொல்றது ராத்திரி வாய் ஒட்டுது, பேசறப்ப நாக்கு மேல அண்ணத்துல ஒட்டுதுன்னுதான், சாப்பிடறதுல பிரச்சனைன்னு பிறகுதான் வருவாங்க. ஏன்னா சும்மா இருக்கறப்ப வாயில ஊறற எச்சில்ல பாதிக்கு மேல தாடைக்குக் கீழ இருக்கற சுரப்பியில இருந்து வருது, மெல்லறப்ப தண்ணி மாதிரி வர்ற எச்சிலுக்குத்தான் பரோட்டிட் பெரிய பங்கு குடுக்குது.

அதனால சுரப்பி எப்படி இருக்குன்னு பாக்கறதை விட அது என்ன வேலை செய்யுதுன்னு அளக்கறது எனக்கு பெருசு. அது ரொம்ப சாதாரண டெஸ்ட், யாரும் கேக்கறதும் இல்ல, நிறைய இடத்துல செய்யறதும் இல்ல. நான் எப்படி செய்வேன்னு சொல்றேன். காலையில 9க்கும் 11க்கும் நடுவுல வரச் சொல்வேன், அதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே பசியாறி முடிச்சிருக்கணும், அப்புறம் சாப்பாடு தண்ணி பல்லு விளக்கறது எதுவும் கூடாது. ஒரு சின்ன பிளாஸ்டிக் கப்பை தராசுல வெச்சு எடை எழுதிக்குவேன். பேஷண்ட் தலையை லேசா குனிஞ்சு, எதையும் மெல்லாம, பேசாம, வாயில ஊறறதை அப்படியே சேத்து நிமிஷத்துக்கு ஒருக்கா கப்புல துப்பணும், 15 நிமிஷம். அப்புறம் திரும்ப எடை. ஒரு கிராம்னா ஒரு மில்லின்னு கணக்கு. நல்லா இருக்கறவங்களுக்கு நிமிஷத்துக்கு 0.3, 0.4 மில்லி வரும். 0.1க்குக் கீழயோ அதுக்கு சமமாவோ இருந்தா அது ஷோக்ரன்ஸ் வகைப்படுத்தற 2016 விதியில ஒரு பாயிண்ட். அப்படின்னா 15 நிமிஷத்துல ஒன்றரை மில்லி, ஒரு டீஸ்பூன்ல மூணுல ஒரு பங்கு கூட இல்ல. நம்ம அக்காமாருங்களுக்கு ஒருத்தர் முன்னாடி துப்பறதுக்கே கூச்சமா இருக்கும், அதனால நான் கதவைச் சாத்திட்டு முதுகைக் காட்டி உக்காந்துக்குவேன். சில பேருக்கு 15 நிமிஷம் கழிச்சு கப்புல நுரை மட்டும் ஒட்டிட்டு இருக்கும், கவுத்தா கூட விழாது. அதைப் பாத்துட்டு கண் கலங்கினவங்க உண்டு, ஏன்னா அதுவரைக்கும் வீட்ல எல்லாரும் சும்மா சொல்றாங்கன்னு நெனச்சிருப்பாங்க.

இந்த டெஸ்ட்லயும் ஏமாறலாம். ஒரு தடவை ஒருத்தவங்களுக்கு போன வருஷத்தை விட பாதிதான் வந்துச்சு, எனக்கும் பயமா போச்சு, கேட்டா அன்னிக்கு வெள்ளிக்கிழமை விரதம், முந்தின ராத்திரியில இருந்து தண்ணி கூட குடிக்கல. அடுத்த வாரம் திரும்ப அளந்தா பழைய அளவுக்கே வந்துடுச்சு. பைலோகார்ப்பின் மாதிரி எச்சில் ஊற வைக்கிற மாத்திரை போடறவங்க அன்னிக்கு போட்டுட்டு வந்தா கூட வரும், அதை எப்ப நிறுத்தணும்னு டாக்டரைக் கேட்டு நிறுத்திட்டு வரணும். உங்க அம்மா போடற அமிட்ரிப்டிலின் நேர் எதிர், அது நல்லா இருக்கற சுரப்பியையே அடக்கி வாயைக் காய வைக்கும். இனிப்புநீர் ஏறி இருந்தாலும் வாய் காயும். அதனால அம்மாவுக்கு எச்சில் குறைஞ்சா அது நோயா, மாத்திரையா, சுகரான்னு பிரிச்சுப் பாக்கணும். அந்த தூக்க மாத்திரைக்கு பதிலா வேற ஏதாவது முடியுமான்னு கட்டாயம் கேளுங்க, திடீர்னு நீங்களா நிறுத்திடாதீங்க.

அம்மா வாய் எப்பவும் போலதான் இருக்குங்கறாங்களே, அதை நம்பலாமாங்கறது உங்க கேள்விக்குள்ள இருக்கற இன்னொரு கேள்வி. அவங்க பொய் சொல்லல. ஆனா ஷோக்ரன்ஸ்ல ஒருத்தருக்கு எவ்வளவு வறட்சியா தோணுதுங்கறதும், அளந்தா எவ்வளவு எச்சில் வருதுங்கறதும், ஸ்கேன்ல சுரப்பி எப்படி இருக்குங்கறதும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகாது, இது ரொம்ப காலமா தெரிஞ்ச விஷயம். இங்கிலாந்துல 133 பேரை வெச்சு, எதிர்ப்பு சக்தியை அடக்கற ரிட்டுக்சிமாப்ங்கற மருந்தை சோதிச்சுப் பாத்த டிராக்டிஸ்னு ஒரு ஆராய்ச்சி 2017ல வந்துச்சு, மருந்து எடுத்தவங்களுக்கு வறட்சியிலயும் அசதியிலயும் பெருசா முன்னேற்றம் தெரியல, ஆனா சும்மா ஊறற எச்சில் அளவுல மட்டும் மருந்து எடுக்காதவங்களோட வித்தியாசம் இருந்துச்சு, அதுல ஒரு பகுதி பேருக்கு ஸ்கேனும் எடுத்துப் பாத்ததுல சுரப்பியிலயும் நல்ல மாற்றம் தெரிஞ்சுச்சு. உடம்புல மாறுது, ஆளுக்குத் தெரியல. ஹைட்ராக்சிகுளோரோகுயின் நிறைய பேர் போடறாங்களே, பிரான்ஸ்ல 120 பேரை வெச்சுப் பாத்து 2014ல வெளியிட்ட ஆராய்ச்சியில 24 வாரத்துல வறட்சி, வலி, அசதிக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையை விட அது பெருசா ஒண்ணும் செய்யல. மூட்டு வலிக்கோ தோலுக்கோ டாக்டர் குடுத்திருந்தா அது வேற காரணம், நிறுத்த வேணாம். ஆனா அது சுரப்பியைக் காப்பாத்துதுன்னு நம்பி நிம்மதியா இருக்காதீங்க.

உதட்டுல திரும்ப வெட்டணுமான்னு கேட்டீங்க. என் பதில், சும்மா பாக்கறதுக்காகன்னா வேணாம். கீழ் உதட்டை உள்பக்கமா திருப்பி சின்னதா ஒரு கீறல் போட்டா உள்ள சின்னச் சின்ன எச்சில் சுரப்பி சவ்வரிசி மாதிரி முழிச்சுப் பாக்கும், அதுல நாலஞ்சு எடுத்து அனுப்புவோம். 50 வெள்ளை அணுக்களோ அதுக்கு மேலயோ ஒரு கூட்டமா இருந்தா அது ஒரு ஃபோகஸ், 4 சதுர மில்லிமீட்டர் இடத்துல அப்படி 1ம் அதுக்கு மேலயும் இருந்தா ஷோக்ரன்ஸுக்கு ஆதாரம். நோயைக் கண்டுபிடிக்க அது நல்ல டெஸ்ட், ஆனா வருஷா வருஷம் அளக்கற டெஸ்ட் இல்ல. பக்கத்துப் பக்கத்துல இருக்கற ரெண்டு சவ்வரிசியிலயே எண்ணிக்கை வேறயா இருக்கும், அதோட சில பேருக்கு உதட்டுல ஒரு இடம் மரத்துப் போய் நாளாகியும் சரியாகாம இருக்கும். ஆனா 2021ல எடுத்த பயாப்சி ரிப்போர்ட்டைத் தேடி எடுங்க. அதுல ஃபோகஸ் ஸ்கோர், அதாவது அந்தக் கூட்டங்களோட எண்ணிக்கை, எவ்வளவுன்னு போட்டிருக்கும். 3ம் அதுக்கு மேலயும்னா பின்னாடி லிம்போமா (வெள்ளை அணுக்கள்ல வர்ற கேன்சர்) வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட அதிகம்னு ஆராய்ச்சியில இருக்கு, அவங்களை இன்னும் கவனமா பாக்கணும். அதே ரிப்போர்ட்ல ஜெர்மினல் சென்டர்னு ஒரு வார்த்தை இருந்தா பயந்துடாதீங்க, அது லிம்போமாவை முன்னாடியே சொல்லுமா சொல்லாதாங்கறதுல இன்னும் ஆளுக்கு ஒரு கருத்து இருக்கு.

ரத்தத்துல ஆன்டி ரோ ஒரு தடவை பாசிட்டிவ்னு வந்துட்டா திரும்பத் திரும்ப பாக்கறதுல பிரயோஜனம் இல்ல, அது ஏறி இறங்கறது சுரப்பியைப் பத்தி ஒண்ணும் சொல்லாது. பாக்க வேண்டியது வேற. சி3, சி4ங்கற காம்ப்ளிமெண்ட் (எதிர்ப்பு சக்தியோட சேந்து வேலை செய்யற ரத்தப் புரதம்), முழு ரத்த எண்ணிக்கை, இம்யூனோகுளோபுலின்ங்கற எதிர்ப்புப் புரதம், ரத்தப் புரதத்தைப் பிரிச்சுப் பாக்கறது, தேவைப்பட்டா குளிர்ல உறையற கிரையோகுளோபுலின்ங்கற புரதம். இதுல சி4 குறையறதும் வெள்ளை அணுக்கள் குறையறதும் டாக்டர் உன்னிப்பா பாக்கற விஷயம்.

இப்ப நீங்க எழுதி நிறுத்துன வார்த்தைக்கு வர்றேன். ஷோக்ரன்ஸ் உள்ளவங்கள்ல நூத்துக்கு 5ல இருந்து 10 பேருக்கு வாழ்நாள்ல லிம்போமா வரலாம்னு சொல்வாங்க. அப்ப 90ல இருந்து 95 பேருக்கு அது வர்றதே இல்ல. வர்றதுலயும் அதிகமா வர்றது மால்ட்னு ஒரு வகை, மெதுவா வளரும், பெரும்பாலும் பரோட்டிட்லயே உக்காரும், வைத்தியத்துக்கு நல்லா கேக்கும், சில பேருக்கு உடனே மருந்து கூட குடுக்காம கவனிச்சுட்டே இருப்பாங்க. கிரேடு 1ல இருந்து 2ன்னு வந்ததை வெச்சு லிம்போமா பக்கம் போகுதுன்னு யாரும் சொல்ல முடியாது. காது முன்னாடி வீக்கம் வந்து போகாம அப்படியே நின்னா, அதுதான் எங்களை உக்கார விடாது. அதோட சேந்து கால்ல தடவுனா தெரியற செம்புள்ளிகள், சி4 குறைவு, கழுத்துல அக்குள்ல நெறி கட்டறது, காரணம் இல்லாம எடை குறையறது, ராத்திரி துணி நனையற மாதிரி வேர்வை, தொடர்ந்து காய்ச்சல், இதெல்லாம் இருந்தா அடுத்த அப்பாய்ண்ட்மெண்ட் வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

இதை நான் கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டேன். வேலைக்கு சேந்து நாலஞ்சு வருஷம் இருக்கும். கூலிம் பக்கத்துல இருந்து ஒரு அக்கா வருவாங்க, ஷோக்ரன்ஸ், கன்னம் வருஷத்துல ரெண்டு மூணு தடவை வீங்கும், பத்து நாள்ல வத்திடும், அவங்களுக்கும் பழகிடுச்சு எனக்கும் பழகிடுச்சு. ஒரு தடவை இடது பக்கம் மட்டும் வீங்கி வந்தாங்க. கிருமி தொத்தியிருக்கும்னு ஆன்டிபயாடிக் குடுத்தேன். மூணு வாரம் கழிச்சு கொஞ்சம் வத்தின மாதிரி இருந்துச்சு, இன்னொரு ரவுண்டு குடுத்தேன். அவங்களுக்கு காய்ச்சல் இல்ல, வலியும் இல்ல. வாய்க்குள்ள மேல் கடவாய்ப்பல்லுக்கு எதிர்ல கன்னத்துல அந்தச் சுரப்பியோட வாசல் ஒரு புள்ளி மாதிரி இருக்கும், காது முன்னாடி இருந்து விரலால அழுத்தி முன்னாடி தடவிட்டு வந்தா அதுல எச்சில் ஒரு துளி மொட்டு விடும், கிருமி இருந்தா சீழா வரும். அவங்களுக்கு சீழும் வரல, எச்சிலும் வரல. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். மூணாவது மாசம் தொட்டுப் பாத்தப்ப ரப்பர் மாதிரி கெட்டியா இருந்துச்சு, அன்னிக்கே ஸ்கேனுக்கு கூட்டிட்டுப் போனேன், சுரப்பியில ஆப்பத்து ஓட்டை மாதிரி இருக்கற இடத்துக்கு நடுவுல ஒரு இடம் மட்டும் தனியா, பெருசா, ஒரே கருப்பா இருந்துச்சு. ஊசி போட்டு எடுத்த திசுவுல மால்ட் லிம்போமான்னு வந்துச்சு. வைத்தியம் நடந்து அவங்க இன்னிக்கும் நல்லா இருக்காங்க, தீபாவளிக்கு முறுக்கு கொண்டு வந்து குடுப்பாங்க. ஆனா அந்த ரெண்டு மாசத்தை நான் மறக்கல. அதுக்கப்புறம் என் கணக்கு ஒண்ணுதான், ரெண்டு பக்கமும் வீங்கி வத்துனா குறிச்சு வை, ஒரு பக்கம் வீங்கி நாலஞ்சு வாரத்துல முழுசா வத்தலன்னா ஸ்கேன், அதுல தனியா ஒரு கட்டி மாதிரி இருந்தா ஊசி, தேவைன்னா எம்ஆர்ஐ, பெட் ஸ்கேன்.

ஒரு பக்கம் வீங்குனாலே கேன்சர்னு இல்ல, அதையும் சொல்லிடறேன். சாப்பிட உக்காந்ததும் வலியோட வீங்கி ஒரு மணி நேரத்துல வத்துனா கல் அடைச்சிருக்கலாம், அது தாடைக்குக் கீழதான் அதிகம் வரும். காய்ச்சலோட சிவந்து சூடா இருந்தா கிருமி. அம்மா மாதிரி இனிப்புநீர் உள்ளவங்களுக்கு ரெண்டு கன்னமும் வலியே இல்லாம மெத்து மெத்துன்னு உப்பி இருக்கறதும் உண்டு, அதுக்கும் ஷோக்ரன்ஸுக்கும் சம்பந்தமே இருக்காது. ஐஜிஜி4னு இன்னொரு நோய் இருக்கு, அதுலயும் சுரப்பி வீங்கும், ரத்தத்துலயும் திசுவுலயும் பாத்துதான் பிரிக்கணும்.

அப்ப எத்தனை மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேன்? இதுக்கு எல்லாரும் ஒத்துக்கிட்ட விதி இல்ல. இங்க நான் சொல்றது என் பழக்கம்னு மட்டும் எடுத்துக்குங்க. வீக்கமே இல்லாம, ரத்தம் நல்லா இருந்து, ஃபோகஸ் ஸ்கோரும் குறைவா இருக்கறவங்களுக்கு ஒழுங்கா ஒரு ஸ்கேன் எடுத்து வெச்சுட்டா, அதுக்கப்புறம் ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா போதும். மேல சொன்ன அடையாளம் ஏதாவது இருக்கறவங்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒருக்கா. நடுவுல வீக்கம் வந்து நின்னா தேதி பாக்கக் கூடாது. ஆறு மாசத்துக்கு ஒருக்கா பிரைவேட்ல காசு கட்டறதுக்கு பதிலா, கவர்மெண்ட் ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்ல 5 ரிங்கிட்தான், நேரம் ஆகும், ஆனா ஒரே இடத்துல எல்லா ரெக்கார்டும் சேரும். சுரப்பி எவ்வளவு விறைப்பா இருக்குன்னு அளக்கற எலாஸ்டோகிராபி பத்தி யாராவது சொன்னா, அதை வெச்சு வருஷா வருஷம் தொடர்ந்து பாக்கற அளவுக்கு அது இன்னும் வரல.

பல்லைப் பத்தி சொல்லாம விட மனசு வரல, ஏன்னா இதை ஸ்கேன்காரங்க யாரும் சொல்லமாட்டாங்க. கீழ் வரிசை முன்பல்லு இருக்கே, அது பக்கத்துலயே எச்சில் வந்து கொட்டற வாசல் இருக்கறதால நாள் பூரா நனைஞ்சுட்டே இருக்கும், வாயிலயே சொத்தை கடைசியா வர்ற இடம் அதுதான். அந்தப் பல்லுல ஈறு ஓரமா பழுப்பு கோடு விழுந்து சொத்தை ஆரம்பிச்சா, கப்பு தராசு எதுவும் இல்லாமலே எனக்குத் தெரிஞ்சிடும், இவங்களுக்கு சும்மா ஊறற எச்சில் போயிடுச்சுன்னு. அம்மாவோட கீழ் முன்பல்லை வெளிச்சத்துல ஒரு போட்டோ எடுத்து வைங்க, ஆறு மாசம் கழிச்சு இன்னொண்ணு எடுங்க. அம்மா எச்சில் ஊற வைக்கறதுக்கு நாள் பூரா அசாம்போய் (புளிப்பா உலர்த்துன பழம்) வாயில அடக்கிக்கறாங்கன்னு எழுதியிருந்தீங்க, வாய் காயறவங்கள்ல பாதிப் பேர் இங்க அதைத்தான் செய்றாங்க, அந்தப் புளிப்பு பல்லோட மேல்தோலைக் கரைக்கும், கழுவறதுக்கு எச்சில் இல்ல. அதுக்குப் பதிலா சீனி இல்லாத சூயிங்கம், சைலிட்டால் போட்டது. தே தாரிக் (இனிப்பான பால் டீ) அடிக்கடி உறிஞ்சறதுக்குப் பதிலா தண்ணி. பல் டாக்டர்கிட்ட கேட்டு 5000 பிபிஎம் ஃப்ளோரைடு பேஸ்ட் எழுதி வாங்குங்க, கடையில கிடைக்கறது சாதாரணமா 1450 வரைக்கும்தான் இருக்கும். நாக்கு சிவந்து வழவழன்னு ஆகி சம்பல் (மிளகாய்த் துவையல்) பட்டா எரியுதுன்னா, கடைவாய் ஓரம் வெடிச்சிருந்தா, அது பெரும்பாலும் பூஞ்சைக் காளான், அதுக்கு மருந்து இருக்கு, நோய் முத்திடுச்சுன்னு நெனச்சு சும்மா தாங்கிட்டு இருக்க வேணாம்.

வீட்ல ஒரு நோட்டு போடுங்க. மாசத்துல ஒரு நாள், ஒண்ணாம் தேதின்னு வெச்சுக்குங்க. வறட்சி 0ல இருந்து 10க்குள்ள எவ்வளவுன்னு அம்மாவைக் கேட்டு எழுதுங்க. ராத்திரி தண்ணிக்கு எத்தனை தடவை எழுந்தாங்க. கிரீம் கிராக்கர் பிஸ்கட் ஒண்ணு தண்ணி இல்லாம சாப்பிட முடியுதா, எவ்வளவு நேரம் ஆகுது. ஒரே இடத்துல நிக்க வெச்சு நேரா முகத்தை ஒரு போட்டோ. காது முன்னாடியும் தாடைக்குக் கீழயும் ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல விரலால தடவிப் பாக்கச் சொல்லுங்க, ஒரு பக்கத்துக்கும் இன்னொரு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியுதான்னு, முதல்ல எப்படி இருக்குன்னு தெரிஞ்சாதான் மாறுனா தெரியும். எடையும் சுகரும் அதே பக்கத்துல எழுதிடுங்க. டாக்டருக்கு உங்க அம்மாவைப் பாக்க பத்து நிமிஷம்தான் கிடைக்கும், அந்த நோட்டு இருந்தா அந்த பத்து நிமிஷம் வீணாகாது.

முடிஞ்சா இந்த மாசமே ரெண்டு சிடியையும் 2021 பயாப்சி ரிப்போர்ட்டையும் எடுத்து வைங்க, எச்சில் அளந்து தர முடியுமான்னு ருமட்டாலஜிலயோ வாய் மருத்துவப் பிரிவுலயோ கேளுங்க. போன மாச ரிப்போர்ட்ல நாலு சுரப்பிக்கும் தனித்தனியா கிரேடு போட்டிருக்காங்களா, இல்ல மொத்தமா ஒரே நம்பரா, தனியா கட்டி மாதிரி எதுவும் எழுதியிருக்காங்களா, சி4 கடைசியா எவ்வளவு, இதைப் பாத்து எழுதுங்க தம்பி. பேர், ஐசி (அடையாள அட்டை) நம்பரை மறைச்சுட்டு ரிப்போர்ட்ல இருக்கற வரியை அப்படியே போட்டாலும் சரி, படிச்சுட்டு பதில் சொல்றேன்.